காடைக்கு அரைத்த முட்டை

மல்பெரி மரத்தடியில் தொப்பென்று ஏதோ விழுந்து உருண்டது. அதன் பின்னாலேயே தகர வாளி கவிழ்கிற சத்தம்.

முற்றத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் சின்ன வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டிருந்த நேமத், தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்தார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

மரத்தடியில் சுரைக்குடுக்கைக் கூண்டு பக்கவாட்டில் கிடந்தது. உள்ளே காடை படபடவென்று அடித்துக்கொண்டது. கவிழ்ந்த வாளிக்குப் பக்கத்தில் அவர் மனைவி சனோபர் ஒரு கையால் மரத்தைப் பிடித்தபடி நின்றாள். மறு கையில் காடைக்குத் தீனி வைக்கிற சின்ன மண் கிண்ணம்.

நேமத் குனிந்து முதலில் கூண்டைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான், முதலில் எதைத் தூக்கினோம் என்று உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது.

"பரவால்ல, உங்க காடைப் பையனைப் பாருங்க. நான் நிக்கத்தான் செய்றேன்," என்றாள் சனோபர்.

"வாளி மேல ஏறினியா? வயித்துல தையல் போட்டு முழுசா மூணு மாசம் ஆகல."

"கிண்ணத்துல எறும்பு. அலம்பி வைக்கலாம்னு ஏறினேன்."

"என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா வந்து இறங்குன்னு சொல்லுவீங்க. அதான் கூப்பிடல."

நேமத் கூண்டின் வலையை விலக்கி, காடையைக் கைக்குள் எடுத்தார். அடி ஒன்றும் இல்லை. நெஞ்சு மட்டும் கடிகாரம்போல அடித்துக்கொண்டிருந்தது. தரையில் சிதறிக் கிடந்தது வெறும் தினை. சற்று முன்னால் அவரே தினையோடு பிசைந்து வைத்த முட்டைக்கரு ஒரு துளிகூட மண்ணில் இல்லை. அதை அவர் பார்த்தார். ஆனால் கவனிக்கவில்லை.

காடையின் பெயர் பாய்வாச்சா. பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை என்று அர்த்தம். தினமும் முட்டை தின்கிற பறவைக்கு வேறென்ன பெயர் வைப்பது என்று சனோபர்தான் போன வருஷம் கிண்டலாக வைத்தாள். அதுவே நிலைத்துவிட்டது.

மர்கிலான் ஊரில் பாதி ஆண்களுக்குக் காடைப் பைத்தியம் உண்டு. பட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் நேமத்துக்கு அது முழுப் பைத்தியம். முப்பது வருஷமாகக் காடை வளர்க்கிறார். இப்போது ஏழு. ஆறு காடைகள் பின்கட்டுக் கொட்டகையில் இருந்தன. ஏழாவதான பாய்வாச்சாவுக்கு மட்டும் மரத்தில் தனிக் கூண்டு.

காடையைப் பழக்குவது கையின் வேலை. விடியற்காலையில் அதை உள்ளங்கையில் பொத்தி, அங்கியின் நீளக் கைக்குள் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் நெஞ்சைத் தடவிக்கொண்டே பேசவேண்டும். என்ன பேசுகிறோம் என்பது பறவைக்கு அக்கறையில்லை. குரல் நிற்காமல் வரவேண்டும், அவ்வளவுதான். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே கிடக்கும் மரக்கட்டிலில் உட்கார்ந்து நேமத் தினமும் அரைமணி நேரம் பேசுவார். முன்பெல்லாம் கடைக்கு வந்தவன் கதை, ஆப்பிள் விலை, மருமகனின் புதுக் கார் என்று போகும். இந்த வசந்தத்தில் பேச்சு மாறிவிட்டது. வேறு யாரிடமும் வாயைத் திறக்க முடியாத ஒன்றை அவர் அந்தக் கையகலப் பறவையிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனோபருக்கு வந்திருப்பது வயிற்றுப் புண். வீட்டில் அப்படித்தான் பேச்சு. பிப்ரவரியில் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகரத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். எல்லாம் புண்ணுக்குத்தான். புற்றுநோய் என்ற சொல்லை அந்த வாசற்படி தாண்டி யாரும் உள்ளே கொண்டுவரவில்லை. நோயாளியின் காதில் அந்தப் பெயர் விழுந்தால் பாதி உயிர் அப்போதே போய்விடும் என்று ஊரே நம்பியது. பார்க்க வருகிற உறவுக்காரிகளைத் தெருவிலேயே மறித்து, "புண்ணு, ஞாபகம் வச்சுக்குங்க, புண்ணு," என்று பாடம் சொல்லித்தான் நேமத் உள்ளே விடுவார். ஆண்டிஜானில் இருக்கும் மகள்கூடப் போனில், "புண்ணு ஆறுதாம்மா?" என்றுதான் கேட்பாள்.

போன தடவை மருந்து ஏற்றிய அன்று டாக்டர் முனிரா அவரைத் தனியாகத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள்.

"நாப்பத்தாறு கிலோதான் இருக்காங்க. நாப்பத்தஞ்சுக்குக் கீழ போனா அடுத்த மருந்தை நான் ஏத்த மாட்டேன். உடம்பு தாங்காது. மருந்து தள்ளிப்போனா மிச்சம் இருக்கிற நோய்க்குக் கொண்டாட்டம். அவங்க சாப்பிடணும். புரியுதா, நேமத் ஐயா?"

ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாள். முட்டை, கறிச்சாறு, பாலாடை, வால்நட். ஒருவேளைக்கு நாலைந்து வாய்தான். ஆனால் நாளுக்கு ஏழு வேளை. நேமத் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மறுநாள் விடியற்காலையில் மரக்கட்டிலில் உட்கார்ந்து, பாய்வாச்சாவுக்கு அதை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார்.

அன்றே அந்தச் சீட்டைப் பின்பற்றியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. ஆனால் கடைக்குப் போகிற வழியில் வாய்க்காலோரம் சாய்கானா என்கிற தேநீர்க்கடை இருந்தது. அங்கே கோசிம் இருந்தார்.

கோசிம் பழைய கூட்டுப்பண்ணையில் மாட்டு டாக்டருக்கு முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தவர். காடை விஷயத்தில் ஊருக்கே நீதிபதி. அவர் சொல்லைத் தட்டினால் சாய்கானாவில் தேநீர்கூட ஆறிப்போய்த்தான் வரும்.

"டாக்டரம்மா ஊட்டச் சொல்றாளா?" என்று சிரித்தார் கோசிம். "அந்தச் சீக்கு வயித்துக்குள்ள உக்காந்திருக்கு. நீ ஊட்டற முதல் கவளம் யாருக்குப் போகும்? உன் பொண்டாட்டிக்கா? அதுக்கு."

"அப்ப என்னண்ணே பண்றது?"

"புதுசா வலையில விழுந்த காடை கொழுப்போட வரும். பாடுமா?"

"பாடாது."

"என்ன பண்ணுவே?"

"தீனியைக் குறைப்பேன். எண்ணி எண்ணிப் போடுவேன்."

"கொழுப்பு கரையும். கரைஞ்சா?"

"குரல் வரும்."

"அவ்வளவுதான்யா வைத்தியம். அதைப் பட்டினி போடு, அது செத்துப்போகும். இதுக்கு எதுக்கு நகரத்து ஆஸ்பத்திரி?"

நேமத் அன்று முழுவதும் யோசித்தார். டாக்டரம்மாவை அவருக்கு மூன்று மாதமாகத் தெரியும். காடையை முப்பது வருஷமாகத் தெரியும். கொழுத்த பறவை ஊமையாக உட்கார்ந்திருப்பதையும், மெலிந்த பறவை விடியலைக் கிழித்துக்கொண்டு பாடுவதையும் தன் கண்ணால் பார்த்தவர். கடைசியில் கை பழகிய பக்கம்தான் மனசும் சாய்ந்தது. முட்டையை நிறுத்தினார். கறியை நிறுத்தினார். பாலாடை, கற்கண்டு, எதுவும் கிடையாது. பீட்ரூட் சாறு, பார்லிக் கஞ்சி, அவித்த கேரட்.

"சரிங்க," என்றாள் சனோபர். கேள்வியே கேட்கவில்லை.

காடைகளுக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. இது பாட்டுக் காலம். மெலிந்து முடிந்த பறவைக்கு இப்போது வலு ஏற்றவேண்டும். தினமும் காலையில் நேமத் மூன்று முட்டையை அவித்து, ஊறவைத்த தினையோடும் வால்நட் பருப்போடும் சேர்த்து அரைப்பார். பாய்வாச்சாவின் கிண்ணத்தைத் தானே நிரப்பிக் கூண்டில் வைப்பார். மிச்சத்தை எனாமல் பாத்திரத்தில் போட்டு ஈரத்துணியால் மூடிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுவார். கொட்டகைக் காடைகளுக்கு அதைப் பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பது சனோபரின் பொறுப்பு.

அடுத்த மருந்துக்கு நாள் குறித்திருந்தது வியாழக்கிழமை. அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் கூண்டு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாய்கானாவில் பாட்டுப் போட்டி. வாய்க்கால் மேல் மூடுபனி பால்போலப் படிந்திருந்தது. சினார் மரக்கிளைகளில் இருபது முப்பது குடுக்கைகள் துணி போர்த்திக்கொண்டு தொங்கின. தூரத்தில் யாரோ ரொட்டி அடுப்பைப் பற்றவைத்த வாசனை. மனிதர்கள் மெத்தைக் கட்டில்களில் அங்கியைப் போர்த்திக்கொண்டு, பேசாமல், பாதித் தூக்கத்தில் பாதி விழிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த நேரத்துக்காகத்தான் நேமத் வருஷம் முழுவதும் காத்திருப்பார். துணியை விலக்கியதும் ஒரு கணம் ஒன்றும் இருக்காது. பிறகு தொண்டைக்குள் ஒரு உறுமல். பிறகு, "பித்-பில்திக், பித்-பில்திக்." உலகமே அந்த மூன்று அடிகளில் தத்தித் தத்தி எழுந்திருக்கும். எத்தனை முறை மூச்சு விடாமல் அடிக்கிறது என்று எண்ணுகிறவன் ஒரு அடிக்கு ஒரு உலர்திராட்சையாகத் தட்டில் போட்டுக்கொண்டே வருவான்.

போன ஞாயிறு பாய்வாச்சாவின் தட்டில் பதினாலு திராட்சை.

இன்று ஆறு விழுந்தது. பிறகு நின்றது. இன்னொரு முறை முயன்று, இரண்டு. அதோடு சரி.

"நேமத்து, உன் பணக்கார வீட்டுப் பையன் இன்னிக்கு ரேஷன் வரிசையில நின்னுட்டு வந்தவன் மாதிரி பாடறானே," என்றான் ஒருத்தன்.

"காலைல எழுந்து அரசியல் பேசியிருப்பான். தொண்டை கட்டிப்போச்சு," என்றான் இன்னொருத்தன்.

கோசிம் சிரிக்கவில்லை. கூண்டுக்குள் கைவிட்டுக் காடையை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை அதன் நெஞ்செலும்பில் மேலிருந்து கீழாக ஓட்டினார்.

"என்ன தீனி போடறே?"

"முட்டை, தினை, வால்நட்."

"யாருகிட்ட கதை விடறே? இந்தா, தொட்டுப் பாரு."

நேமத் தொட்டுப் பார்த்தார். தினமும் கையில் எடுக்கிற பறவைதான். ஆனால் பத்து நாளாக விரல் ஒரு பக்கம், நினைப்பு ஒரு பக்கம். இப்போது நினைப்பு விரல் நுனிக்கு வந்தது. இறகுக்கடியில் இருபுறமும் சதை இல்லை. எலும்பு கத்தி முனைபோல நின்றது.

"மெலிய வைக்கறதுக்கு ஒரு எல்லை இருக்கு, தம்பி," என்றார் கோசிம். "கொழுப்பு தீர்ந்த அப்புறமும் பட்டினி போட்டா அது தன் சதையையே தின்னும். சதை தீர்ந்தா குரலைத் தின்னும். அப்புறம் ஒருநாள் காலைல துணியை எடுத்தா, காலை நீட்டிக்கிட்டுக் கிடக்கும். நீ சின்னப் பையனா? உனக்கு நான் சொல்லணுமா?"

"நானே அரைச்சு வைக்கறேண்ணே. தினமும் மூணு முட்டை."

"அப்ப உன் வீட்டுல எலி இருக்கு. போய்ப் பொறி வை."

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. நேமத் கூண்டை மரத்தில் மாட்டினார்.

"நம்ம வீட்டுல எலி இருக்காம். கோசிம் அண்ணன் சொல்றாரு," என்றார்.

"இருக்கும்," என்றாள் சனோபர். கொஞ்சம் பொறுத்து, "தலையை வழிச்சு விடுறீங்களா? தலகாணி முழுக்க முடி. வாயெல்லாம் முடி," என்றாள்.

நேமத் கூண்டின் துணியை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "புண்ணு மருந்துக்கு இப்படித்தான் கொட்டுமாம்," என்றார்.

"ஆமா. புண்ணு மருந்துக்கு இப்படித்தான் கொட்டும்."

மரத்தடியில் நாற்காலி போட்டார். சோப்பைக் குழைத்தார். கடையில் எத்தனையோ ஆயிரம் தலைகளைப் பார்த்த கை, இந்தத் தலையில் பட்டதும் புதுக் கைபோலத் தயங்கியது.

"நாப்பது வருஷமா ஊரான் தலையெல்லாம் சிரைச்சீங்க. என் முறை வர இவ்வளவு நாளாச்சு," என்றாள் சனோபர்.

"வரிசையில வரணும்ல."

கத்தி மெதுவாக ஊர்ந்தது. கறுப்பும் நரையுமாக முடி மடியில் விழுந்தது. மல்பெரிப் பழங்கள் பழுத்துக் கனிந்து, காற்றே இல்லாமல் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஒன்று அவள் தோளில் விழுந்து உருண்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இருபது வயதில் இதே முற்றத்தில் இவள் தலைவாரிக்கொண்டு நின்றது அவருக்கு நினைவு வந்தது. அப்போது முடியின் நிழல் வாய்க்கால்வரை விழும். எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருந்தது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல். தலைக்கு மேலே கூண்டில் பாய்வாச்சா ஊமையாக உட்கார்ந்திருந்தது.

கடைசியாக ஈரத்துணியால் பிடரியைத் துடைத்தார். கழுத்திலிருந்து தோளுக்கு வழிந்த சோப்பைக் கட்டைவிரலால் வழித்தார். விரல் கழுத்தெலும்பில் போய் நின்றது.

அதே விரல். காலையில் தொட்ட அதே எலும்பு.

நேமத் துணியை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார். போகும்போது கால் வாளியில் இடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு முட்டையை அவித்தார். மஞ்சள் கருவைப் பாலாடை விட்டுக் குழைத்தார். கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

"முட்டை கூடாதுன்னீங்களே?"

"சொன்னேன். இப்ப சாப்பிடுன்னு சொல்றேன்."

"கோசிம் அண்ணன்?"

"அவர் மாட்டு டாக்டருக்கு மருந்து கலக்கினவரு. நீ மாடா?"

"பத்து நாளா வைக்கோல் மாதிரிதானே போட்டீங்க," என்றாள் சனோபர், கோபமே இல்லாமல்.

அவள் சாப்பிட்டாள். விரல் நுனியால் கிள்ளி, நாக்கில் வைத்து, நெடுநேரம் மென்றாள். நாலு வாய் ஆனதும் நிறுத்திக் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாக எதைக் கொடுத்தாலும் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடும். அதனால் நேமத் தயாராக ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். கால்மணி நேரம் ஆயிற்று. அரைமணி ஆயிற்று. பாத்திரத்துக்கு வேலை வரவில்லை.

"ஒத்துக்குது," என்றார் ஆச்சரியத்தோடு.

"ஒத்துக்குது," என்றாள் அவள்.

அன்றிலிருந்து கடைக்குப் பூட்டு. சட்டைப்பைச் சீட்டை எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டினார். ஆட்டெலும்பு வாங்கிவந்து சாறு வைத்தார். நாளுக்கு ஏழு வேளை, வேளைக்கு நாலு வாய். ஆனால் மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு முந்தைய மாதம் வாரத்துக்கு ஒரு கிலோ இறங்கியிருந்தாள். நடுவில் பத்து நாள் பட்டினி போட்டிருக்கிறார். நாலு நாள் சமையலில் அது திரும்புமா? விடியற்காலையில் மரக்கட்டிலில் உட்கார்ந்து அவர் பாய்வாச்சாவிடம் சொன்னார்:

"நாந்தான்டா பண்ணினேன். நாப்பத்தஞ்சுக்குக் கீழ காட்டிச்சுன்னா நாந்தான்."

காடை அவர் கைச்சூட்டில் கண்ணை மூடிக்கொண்டது. மேலே ஜன்னல் திரை கொஞ்சம் அசைந்தது. காற்று என்று நினைத்தார்.

வியாழக்கிழமை பங்கு டாக்சியில் போனார்கள். சனோபர் தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். சாலையோரம் நெடுகப் பருத்தி வயல்கள் பச்சையாக விரிந்து, வெயிலில் மிதந்தன. அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். தோளில் கனமே தெரியவில்லை.

எடை பார்க்கும் அறையில் நேமத் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாப்பத்தாறு, நானூறு," என்றாள் நர்ஸ்.

"சரியாப் பாரும்மா. செருப்போட ஏறிட்டாளா?"

நர்ஸ் அவளை இறக்கி மறுபடி ஏற்றினாள். நாற்பத்தாறு, நானூறு.

மருந்து ஏற ஆரம்பித்ததும் டாக்டர் முனிரா அவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். "நல்லாப் பாத்துக்கிட்டீங்க," என்றாள். அந்தப் பாராட்டை நேமத்தால் தாங்க முடியவில்லை. சாய்கானா, கோசிம், பீட்ரூட், பார்லி, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினார்.

டாக்டர் கையிலிருந்த கோப்பை மூடினாள்.

"கட்டியைத்தான் பிப்ரவரியிலயே வெட்டி எடுத்துட்டோமே, ஐயா. நீங்க பட்டினி போட்டது யாரை?"

நேமத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கட்டி உள்ளயே இருந்தாலும் இதே கதைதான். அது பட்டினி கிடக்காது. உடம்பு சாப்பிடலேன்னா உடம்போட சதையை எடுத்துக்கும். முதல்ல சாகறது நோய் இல்ல, ஆளு." அவள் குரல் தணிந்தது. "ஆனா ஒண்ணு புரியல. நாலு நாள் முட்டையில இந்த எடை வராது. நீங்க சொல்ற மாதிரி பத்து நாள் வெறும் கஞ்சின்னா அவங்க இன்னிக்கு நடந்து வந்திருக்கவே மாட்டாங்க. யாரோ அவங்களுக்கு முன்னாடியே ஊட்டியிருக்காங்க."

நேமத் அறைக்குத் திரும்பினார். ஜன்னலோரக் கட்டிலில் சனோபர் படுத்திருந்தாள். வெள்ளைத் திரை வெயிலில் மூச்சு விடுவதுபோல உப்பி உப்பி அடங்கியது. மேலே தொங்கிய பாட்டிலிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், அவர் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. பதினாலில் நிற்கவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனது.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. வாளி. அவள் கையில் காலியாக இருந்த கிண்ணம். கீழே சிதறிய வெறும் தினை. கத்திமுனைபோல நின்ற காடையின் நெஞ்செலும்பு. முதல் வாயிலேயே ஒத்துக்கொண்ட முட்டை.

நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சனோபர், நம்ம வீட்டு எலி..."

"மூணு முட்டை, கொஞ்சம் வால்நட்," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "ஏழு வேளையாப் பிரிச்சுக்கிட்டேன். கொட்டகைக் காடைங்களுக்கு வெறும் தினை. பாய்வாச்சா கிண்ணத்துலயும் கை வச்சதுதான் தப்பு, அன்னிக்கு மாட்டியிருப்பேன். பாவம், அதுக்கு இனிமே ரெண்டு பங்கு வைங்க."

"ஏழு வேளைன்னு உனக்கு யாரு சொன்னா? சீட்டு என் சட்டைப் பையில இருந்துச்சு."

"நீங்கதான் சொன்னீங்க. ஜன்னலுக்குக் கீழ உக்காந்து, வரி வரியா."

அந்த மரக்கட்டிலில் உட்கார்ந்து அவர் சீட்டை மட்டுமா படித்தார்? மார்ச்சிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் பேசியதெல்லாம் அவர் காதுக்குள் திரும்பி வந்தது.

"அப்ப அதோட பேரும்..."

"பேரும்தான். முதல் நாளே."

"தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாள் புண்ணு புண்ணுன்னு சொல்லிக்கிட்டிருந்தே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சனோபர் கண்ணைத் திறந்தாள். ஊசி ஏறாத கையை நீட்டி, அவர் கட்டைவிரலைப் பொத்திக்கொண்டாள், காடையைப் பொத்துவதுபோல.

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அப்புறம் நீங்க பாய்வாச்சாகிட்டகூடப் பேசமாட்டீங்களே, அதான் சொல்லல."